ஃப்ரெஷ் ஏர்: குரலுக்குப் போடுங்கள், மாஸ்டரில் வேண்டாம்

குரல் மிக்ஸில் அமுங்கிக் கிடக்கிறது, என்ன ப்ளக்-இன் (ஒலிப்பதிவு மென்பொருளில் செருகும் சிறு கருவி) போடலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஸ்லேட் டிஜிட்டல் நிறுவனத்தின் ஃப்ரெஷ் ஏர். ஒலியின் கூர்மையான மேல்பகுதியைத் தூக்கிக் கொடுப்பது. இலவசம்தான், ஐலாக் என்ற உரிமக் கணக்கு மட்டும் வேண்டும். திறந்தால் மிட் ஏர், ஹை ஏர் என்று இரண்டு பெரிய நாப். இரண்டையும் சேர்த்துத் திருப்ப ஒரு லிங்க் பட்டன், வெளியே போகும் லெவலைச் சரிசெய்ய ஒரு ட்ரிம். எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று எங்கேயும் எழுதியிருக்காது, வளைகோடு காட்டும் திரையும் கிடையாது. ஈக்யூ (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் கருவி) வளைவைக் கண்ணால் பார்த்தே பழகியவர்களுக்கு முதலில் கை ஓடாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். பார்க்க ஒன்றும் இல்லாததால் முழு வேலையும் காதுக்குப் போய்விடுகிறது.

சாதாரண ஈக்யூவில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு ஷெல்ஃப் (ஒரு புள்ளிக்கு மேல் உள்ளதை மொத்தமாக ஏற்றுவது) போட்டு 3 டெசிபல் ஏற்றினால், மெதுவாகப் பாடிய வரியும் உச்சத்தில் பாடிய வரியும் ஒரே அளவு ஏறும். உச்சத்தில் பாடிய இடம் ஏற்கெனவே கூர்மையாக இருப்பதால் அந்த 3 டெசிபல் காதைக் குத்தும். ஃப்ரெஷ் ஏர் டைனமிக்காக வேலை செய்வது. சன்னமாக உள்ளதைக் கூடுதலாகத் தூக்கும், பெரிதாக உள்ளதை அந்த அளவு தொடாது. உத்தி பழையதுதான். டேப் இரைச்சலைக் குறைக்க 1960-களில் வந்த டால்பி ஏ கருவி, பதிவு செய்யும்போது சன்னமான ஒலியைத் தூக்கிக் கொடுக்கும், திரும்ப ஓட்டும்போது அதே அளவு இறக்கும். இறக்குகிற வேலையை விட்டுவிட்டால் குரல் பளபளவென்று நிற்பதைக் கண்ட எஞ்சினியர்கள், வேண்டுமென்றே தூக்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஃப்ரெஷ் ஏரில் எனக்குக் கேட்பது அந்த வகைப் பளபளப்பு.

ஹை ஏர் நாப்பை 20-ஐ ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குரலைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். வரி தொடங்கும் முன் இழுக்கிற மூச்சு முன்னால் வரும். வார்த்தை முடிகிற இடத்தில் தேய்ந்து போகும் கடைசி எழுத்து கேட்கும், ரிவெர்ப் (அறை எதிரொலி) அங்கிருந்து கிளம்புவதும் தெரியும். பாடியவர் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருக்கும். மிட் ஏரின் வேலை வேறு: வார்த்தைகளைத் தெளிவாக்கும், ஆனால் சீக்கிரமே கடுக்க ஆரம்பிக்கும். அதை நான் 15-க்கு மேல் கொண்டுபோவது அபூர்வம்.

மூச்சைத் தூக்குகிற அதே வேகத்தில் ஃபேன் சத்தமும், பாடகரின் ஹெட்ஃபோனிலிருந்து மைக்கில் கசிந்த தாளக் க்ளிக்கும் மேலே வரும். ஆகவே முதலில் ட்ராக்கைச் சுத்தம் செய்துவிடுங்கள். 250-லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை மொத்தையாகத் தேங்கியிருப்பதை ஈக்யூவில் கொஞ்சம் வெட்டுங்கள். பல சமயம் அதற்கு அப்புறம் நாப்பைப் பாதிதான் திருப்ப வேண்டியிருக்கும். ச, ஸ, ஷ சீறுவதற்கு டீ-எஸ்ஸரை இதற்கு முன்னால் போடுபவர்கள் உண்டு. நான் பின்னால்தான் போடுவேன், 5-லிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் வரை. சீறலை எழுப்பியது இந்தப் ப்ளக்-இன் என்றால் அதை அடக்குவதும் இதற்குப் பிறகுதானே இருக்க வேண்டும்?

ட்ரிம் நாப்பைப் பலர் தொடுவதே இல்லை. இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். லெவல் ஏறினால் நம் காதுக்கு மேல்ஸ்தாயியும் அடித்தளமும் கூடுதலாகக் கேட்கும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வளைகோடு போட்டுக் காட்டிய சங்கதி இது. ட்ரிம்மைக் குறைத்து, பைபாஸ் (ப்ளக்-இன்னைத் தற்காலிகமாக விலக்குவது) போட்டாலும் எடுத்தாலும் லெவல் ஒன்றாகக் கேட்கும்படி வைத்துவிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள். நன்றாக இருக்கிறது என்று நினைத்த 40, அப்போது 15-க்கு இறங்கும்.

எல்லா ட்ராக்கும் கடைசியில் ஒன்று சேரும் மாஸ்டர் பஸ்ஸில் நான் இதைப் போடவே மாட்டேன். அங்கே குரலோடு சேர்ந்து ஹை-ஹாட்டும் சிம்பலும் ஷேக்கரும் எழும். சிம்பலின் வால் நீண்டுகொண்டே போகும். குறைந்த பிட்ரேட் எம்பி3 ஆக்கினால் அந்த வால்தான் முதலில் தண்ணீருக்குள் சுழல்வது போலக் கெடும். முழு மிக்ஸுக்கும் வெளிச்சம் வேண்டுமென்றால் மாக் ஈக்யூ4 என்ற ஈக்யூவின் ஏர் பேண்ட் நல்லது. 2.5, 5, 10, 20, 40 கிலோஹெர்ட்ஸ் என்று அதில் நிலைகள் உண்டு. மனிதக் காது 20-ஐத் தாண்டாதே, 40 எதற்கு என்று கேட்கலாம். ஷெல்ஃப் அங்கே போய் உச்சம் தொட வேண்டுமானால் வெகு கீழிருந்தே மெதுவாக ஏறத் தொடங்க வேண்டும். நமக்குக் கேட்பது அந்த நீண்ட சரிவு மட்டும்தான், அதனால் சீறல் உள்ள இடம் தனியாகத் துருத்தாது.

போனில் பதிவு செய்த மாதிரி மந்தமான ட்ராக் என்றால் கதை வேறு. மேலே ஒன்றுமே பதிவாகாத இடத்தில் எதைத் தூக்கினாலும் இரைச்சல்தான் வரும். அதற்கு, இருப்பதிலிருந்து புதிய ஹார்மோனிக்ஸை (மேல் அதிர்வெண்களை) உண்டாக்கும் எக்ஸைட்டர் வேண்டும். 1970-களில் அஃபெக்ஸ் நிறுவனத்தின் ஆரல் எக்ஸைட்டர் கருவியை முதலில் ஸ்டூடியோக்களுக்கு வாடகைக்குத்தான் விட்டார்கள், முடிந்த பாட்டின் நிமிடக் கணக்கில் கட்டணம். இன்று வேவ்ஸ் நிறுவனம் அதை ப்ளக்-இன்னாகவே தருகிறது.

பின்னணிக் குரல்களுக்கு நான் ஃப்ரெஷ் ஏர் போடுவதில்லை. அவற்றை 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் லேசாக இறக்கியும் விடுவேன். அவை இருண்டு பின்னால் போகப் போக, முன்குரலில் ஹை ஏர் 20 இருந்த இடத்தில் 12 போதும் என்று ஆகிவிடும்.