நான்கு வருடப் பவர் வீடரும் ஆயில் குச்சியும்

அரவக்குறிச்சிப் பக்கம் இரண்டரை ஏக்கர் முருங்கை. உள்ளே டிராக்டரை விட்டால் கிளை ஒடியும், சொட்டுநீர்க் குழாய் நசுங்கும். அதனால் 2021-ல் ஒரு பெட்ரோல் பவர் வீடர் வாங்கினேன், கையால் பிடித்து நடத்திக் களையெடுக்கும் சின்ன உழவு வண்டி. 7 எச்.பி., 212 சிசி, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை. உழவு எப்படி என்று கேட்டால், செம்மண்ணில் நன்றாகவே உழுகிறது. அதில் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு வருடத்தில் எனக்கு வந்த தொல்லைகளில் முக்கால்வாசி ஆயிலில் வந்தது. அதில் பாதி நானே வரவழைத்தது.

முதல் தொல்லை முதல் நாளே. புது வண்டி ஆயில் இல்லாமல்தான் வரும். கடைப் பையன் ஒரு லிட்டர் டப்பாவைக் கையில் கொடுத்து, "அப்படியே ஊத்திருங்கண்ணா" என்றான். ஊற்றினேன். கயிற்றை இழுத்ததும் களம் முழுக்க வெள்ளைப் புகை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பாஞ்ச் எண்ணெயில் முக்கிய பஜ்ஜி மாதிரி இருந்தது. அப்புறம்தான் கையேட்டைப் பிரித்தேன். இந்த எஞ்சின் பிடிப்பது 600 மில்லிதான்.

அளவு பார்ப்பதிலும் ஆறு மாதம் ஏமாந்திருக்கிறேன். ஆயில் மூடியோடு சேர்ந்த அளவுக் குச்சியைத் துடைத்துவிட்டு மூடியோடு திருகி, திரும்ப எடுத்துப் பார்ப்பேன். அளவு சரியாகவே தெரியும். ஆனால் என் எஞ்சினில் குச்சியைத் திருகாமல், துவாரத்தின் வாயில் சும்மா உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகினால் குச்சி கூடுதலாக உள்ளே இறங்கிவிடும். ஆயில் குறைந்திருந்தாலும் கோட்டைத் தொட்டுக் காட்டும். சில கம்பெனி எஞ்சின்களில் திருகித்தான் பார்க்க வேண்டும், அதனால் உங்கள் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. இன்னொன்று, எஞ்சின் மட்டமாக நிற்க வேண்டும். என் வண்டியை விட்டால் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். களத்துச் சிமென்ட் தரையில் நிறுத்தி, பின்னால் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்த பிறகே குச்சியை எடுக்கிறேன்.

இவ்வளவு பார்க்கக் காரணம் இருக்கிறது. இந்தச் சின்ன எஞ்சின்களில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி ஒன்று ஆயிலை அள்ளி அள்ளி மேலே வீசும், அவ்வளவுதான். மட்டம் இறங்கினால் கரண்டிக்கு அள்ள ஒன்றும் இருக்காது. ஆயில் ஃபில்டரும் கிடையாது. புது எஞ்சினில் தேய்ந்து உதிரும் பொடியெல்லாம் ஆயிலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதல் மாற்றம் 20 மணி நேரத்தில், அப்புறம் 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம் என்பது என் கையேட்டில் உள்ள கணக்கு. ஹோண்டா ஜிஎக்ஸ் எஞ்சின்களுக்கும் இதே கணக்குதான். முதல் தடவை வடித்த ஆயிலை வெயிலில் காட்டிப் பார்த்தேன். வெள்ளிப் பொடி கலந்த மாதிரி மினுமினுத்தது.

எங்கள் ஊர்ப் புழுதிக்கும் வெயிலுக்கும் 100 மணி நேரம் தாங்காது என்பது என் முடிவு. வானிலை அறிக்கையில் அடிக்கடி பெயர் அடிபடும் கரூர் பரமத்தி எங்களுக்குப் பக்கம்தான். நான் 50 மணி நேரத்தில் மாற்றிவிடுகிறேன். வண்டியில் மணிக் கணக்குக் காட்டும் மீட்டர் இல்லை, ஆனால் பெட்ரோல் கேன் இருக்கிறது. ஐந்து லிட்டர் கேன் ஒன்று எனக்குச் சுமார் நான்கு மணி நேரம் வருகிறது. கேன் காலியானால் மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. பன்னிரண்டு கோடு ஆனால் ஆயில் மாற்றும் நாள்.

முதலில் 10டபிள்யூ-30 என்ற மெல்லிய ரக ஆயில் போட்டேன். சித்திரை வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 27 டிகிரிக்கு மேல் இந்த ஆயில் அதிகம் செலவாகலாம் என்று பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் என்ற எஞ்சின் கம்பெனியின் கையேடே சொல்கிறது. என் கையேட்டில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-40-உம் போடலாம் என்றிருந்ததால் அதற்கு மாறினேன். இப்போது குறைவது குச்சியில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. லிட்டர் டப்பாவில் மிஞ்சும் 400 மில்லியை மூடி வைத்தால் அவ்வப்போது சேர்க்க ஆகும்.

ஆயில் குறைவதைவிட என்னைப் பயமுறுத்தியது ஆயில் கூடியதுதான். மூன்றாம் வருடம் ஒரு நாள் காலையில் குச்சியை எடுத்தால் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. நான் ஊற்றவே இல்லை. மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன். "ஏனுங்ண்ணா, ஆயில் ஏறிருச்சுன்னு சந்தோசப்படாதீங்க. மோந்து பாருங்க" என்றார். மோந்தேன். பங்க்கில் நிற்கிற மாதிரி இருந்தது. முந்தின நாள் பெட்ரோல் டேப்பை மூடாமல் விட்டிருக்கிறேன். கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசியில் தூசி சிக்கி, அது மூடாமல் போய், ராத்திரி முழுக்கப் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. விரலில் தொட்டால் வழுவழுப்பே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும் என்றார். கார்புரேட்டரைக் கழுவி, புது ஆயில் ஊற்றினோம். அன்று முதல் எஞ்சினைச் சுவிட்சில் அணைப்பதில்லை. டேப்பை மூடிவிட்டு, இருக்கிற பெட்ரோல் தீர்ந்து தானே நிற்கும்வரை விடுகிறேன்.

வடிப்பது சுலபம். ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடு ஏற்றினால் அழுக்கோடு சேர்ந்து வடியும். டிரெய்ன் போல்ட்டின் வாஷரை மட்டும் மறக்காமல் பாருங்கள். நசுங்கிய வாஷரையே போட்டு ஒருமுறை 600 மில்லியையும் களத்துக்கு நைவேத்தியம் செய்தேன். பழைய ஆயிலை முதல் வருடம் கரையானுக்கு என்று வேலிக்காலில் பூசினேன். கிணறு இருபதடியில் இருப்பது உறைத்த பிறகு விட்டுவிட்டேன். இப்போது கேனில் சேர்த்து ஒர்க்ஷாப்பில் கொடுத்தால், கழிவு ஆயில் வாங்குபவர் வந்து எடுத்துக்கொள்கிறார்.

கியர் பாக்ஸை எல்லோரும் மறப்பார்கள், நானும் மறந்தேன். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில் தனி. பிளேடு ஷாஃப்டில் சாக்குச் சரடும் அறுந்த சொட்டுநீர்க் குழாயும் சுற்றிக்கொண்டு, சூட்டில் ஆயில் கசியாமல் காக்கும் சீல் வளையத்தை அரித்துவிடுகின்றன. போன மாதம் மச்சான் இரவல் வாங்கிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். "சும்மா நாலு சால்தான் ஓட்டுனேன் மாப்ள" என்றார். ஷாஃப்டில் அரை முழத்துக்கு நைலான் கயிறு, கீழே கறுப்பாக ஈரம். புது சீல் வாங்கி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டியிருக்கிறேன். சுவரில் இப்போது ஒன்பது கோடு. பன்னிரண்டு ஆகும் அன்றைக்கே அதையும் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன், அதுவரை ஒழுக்கு தாங்கினால்.