ஜார்ஜ் டவுனும் மலாக்காவும்: ஒரே பட்டியலில் இரண்டு மீட்பு வழிகள்

பழைய நகரம் ஒன்றைச் சுற்றுலாவின் துணையோடு மீட்டெடுக்க எந்த வழி நல்லது என்று கேட்பவர்களுக்கு மலேசியா வைத்திருப்பதைப் போன்ற பொருத்தமான ஒப்பீடு எளிதில் கிடைக்காது. மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் ஒரே கூட்டு விண்ணப்பத்தின் பேரில், 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இரண்டும் நீரிணையோரத் துறைமுகங்கள். இரண்டின் தெருக்களிலும் கீழே வாணிபமும் மேலே குடித்தனமுமாக அமைந்த கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயரவிடாமல் பிடித்து வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இரண்டு ஊர்களுக்கும் பொதுவானது. வரும்படி இல்லாததால் உரிமையாளர்கள் வீட்டைப் பழுதுபார்க்கவில்லை. குடியிருப்பவர்களை எளிதில் வெளியேற்ற முடியாததால் இடிக்கவும் இல்லை. அந்தச் சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தபோது, இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தன.

மலாக்கா தேர்ந்துகொண்டது அரசே முன்னின்று காட்சிப் பொருள்களை உருவாக்கும் வழி. 2000ஆம் ஆண்டு ஜோங்கர் தெருவில் வார இறுதி இரவுச் சந்தை தொடங்கியது. நாற்றமெடுத்துக் கிடந்த மலாக்கா ஆறு தூர்வாரப்பட்டு, கரைகளில் நடைபாதையும் சுவரோவியங்களும் அமைந்தன. இன்று அதில் உல்லாசப் படகு ஓடுகிறது. 110 மீட்டர் உயரமுள்ள சுழலும் கோபுரமான தாமிங் சாரி 2008இல் திறக்கப்பட்டது. அந்தக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தில் தோண்டியபோது பழைய கோட்டையின் மிடில்பர்க் கொத்தளம் வெளிப்பட்டதால், கோபுரம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டு, கொத்தளம் பழைய அடித்தளத்தின் மேல் புதிதாக எழுப்பப்பட்டது. கோபுரத்துக்குக் கடைக்கால் போடத் தோண்டிய குழி தொல்லியல் தளமாக மாறியது மலாக்காவின் முன்னுரிமைகளைப் பற்றி நிறையவே சொல்கிறது.

இந்த வழியின் பலம் வேகம். பணம் போட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில் கூட்டம் வருகிறது. தெருவோர வியாபாரிக்கும், திரிஷா எனப்படும் மிதிவண்டி ரிக்‌ஷாவின் ஓட்டுநருக்கும் அன்றாடம் காசு புரள்கிறது. ஆனால் அந்தத் திரிஷாக்கள் கார்ட்டூன் பொம்மைகளும் மின்விளக்குகளும் உரத்த பாட்டுமாகச் சுற்றுவதைப் பார்க்கும்போது, எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. வார இறுதியில் நடக்க இடமில்லாத ஜோங்கர் தெருவில் வார நாள் காலையில் பூட்டுத் திறக்காத கதவுகளே மிகுதி.

பினாங்கின் வழி மெதுவானது, ஓரளவு சலிப்பூட்டுவதும்கூட. மத்திய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா 2009இல் திங்க் சிட்டி என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கியது. மாநில அரசு பாரம்பரியப் பகுதியைக் கவனிப்பதற்கென்றே ஒரு தனி அலுவலகத்தை ஏற்படுத்தியது. திங்க் சிட்டி பெரிய கட்டடம் எதையும் எழுப்பாமல், வீட்டு உரிமையாளர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் சங்கங்களுக்கும் சிறு மானியங்களைப் பகிர்ந்தளித்தது. செலவில் ஒரு பங்கை அவர்களும் போட வேண்டும். வேலை பழைய முறைப்படி நடக்க வேண்டும்.

பழைய முறை என்பது வெறும் அழகுக்காக விதித்த நிபந்தனை அன்று. கடைவீட்டின் செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் வண்ணமும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் செங்கல்லே உதிர்ந்து கொட்டும். நடுவில் உள்ள திறந்த முற்றத்தைக் கூரை போட்டு மூடினாலும் இதே கதைதான்: வெளிச்சமும் காற்றோட்டமும் போய், பிறகு நாள் முழுவதும் குளிரூட்டி ஓட வேண்டியிருக்கும். இந்த அறிவு கொத்தனார்களிடம் மீண்டும் பரவியதுதான் பினாங்கு வழியின் உண்மையான சாதனை என்பேன். மலாக்காவிலும் ஹீரன் தெருவின் 8ஆம் எண் வீட்டை மலேசியப் பாரம்பரிய அறக்கட்டளை முன்மாதிரியாகவே சீரமைத்துக் காட்டியது. ஆனால் அதை ஊர் முழுவதற்கும் கொண்டு செல்லும் ஏற்பாடு பினாங்கில் உருவானதைப் போல் அங்கே வேரூன்றவில்லை.

ஒழுங்குமுறையிலும் பினாங்கே ஒரு படி மேல். பாரம்பரியப் பகுதியில் 18 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்ற வரம்பை மீறும் நான்கு விடுதித் திட்டங்கள் பட்டியலில் சேர்ந்த ஆண்டிலேயே பெரும் சர்ச்சையாகி, யுனெஸ்கோவின் கவனம் வரை சென்றன. காலி வீடுகளில் பறவைக் குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டுக் உணவாக விற்கும் கூட்டுக்காக உழவாரன் குருவிகளை வளர்த்தவர்களை அப்பகுதியிலிருந்து 2013ஆம் ஆண்டுக்குள் வெளியேற்றவும் முடிவெடுத்தார்கள்.

தமிழர் தடங்களை வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு புலப்படும். மலாக்காவில் 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோவில் சுற்றுலாப் பாதையின் நடுவிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கட்டிய மலாக்கா செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டி பாரம்பரிய மையப் பகுதிக்கு வெளியே உள்ளது. மலாய் பேசிச் சைவ சமயம் பேணும் அந்தச் சிறு சமூகம் தன்னைச் சுற்றி உயர்ந்த கட்டடங்கள் எழுவதை எதிர்க்க வேண்டியிருந்தது. பினாங்கிலோ தைப்பூசத்தின்போது காரைக்குடியில் செய்த நகரத்தாரின் வெள்ளி ரதம் பினாங்கு தெருவின் கோவில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. அதைப் பயணிகள் பார்க்கிறார்கள் என்றாலும், அவர்களுக்காக அது ஓடவில்லை.

இதையெல்லாம் வைத்துப் பினாங்கை வெற்றியாளராக அறிவித்துவிடலாம் என்றால், ஆர்மீனியன் தெரு குறுக்கே நிற்கிறது. லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சகாரெவிச் 2012இல் சுவரில் ஓர் உண்மையான மிதிவண்டியைப் பொருத்தி, அதன்மேல் இரு குழந்தைகளை வரைந்தார். படம் எடுக்க வரிசை நின்றது. காப்பிக் கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் பெருகின. இன்று அத்தெரு ஜோங்கரின் தங்கையாகவே தோன்றுகிறது. சீரமைத்த வீடு கூடுதல் வாடகைக்குப் போகும். தச்சரும் தையற்காரரும் அந்த வாடகையைக் கொடுக்க முடியாது. மானியம் சுவரைக் காத்த அளவுக்கு உள்ளே இருந்தவரைக் காக்கவில்லை.

ஆயினும் ஜார்ஜ் டவுனில் ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. அங்கே கணிசமான வீடுகள் தனியாரிடம் இல்லாமல் சீனக் குலச் சங்கங்கள், பள்ளிவாசல் வக்ஃபுகள், கோவில் அறக்கட்டளைகள் ஆகியவற்றின் கையில் உள்ளன. சந்தை விலைக்கே வாடகை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த அறங்காவலர்களுக்கு இல்லை. நீண்டகாலக் குடித்தனக்காரருக்கு உரிய வாடகையில் ஒப்பந்தம் தருவது என்று அவர்கள் முடிவெடுத்தால் தெருவில் ஆள் இருக்கும். விடுதிக்காரர் தரும் கூடுதல் தொகையை ஏற்றால் இராது. அந்த முடிவு சுற்றுலாத் துறையின் மேசைக்கே வருவதில்லை.