"வைரல்தான், சேஃப்டிக்கு ஒரு ஆன்டிபயாடிக்"

போன மாதம் என் மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல். மறுநாள் உள்ளங்கை, பாதம், வாய்க்குள் எல்லாம் கொப்புளம். ப்ளே ஸ்கூலில் சுற்றிக்கொண்டிருந்த கை-கால்-வாய் நோய்தான். பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் க்ளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் பார்த்தவுடனே "வைரல்தான்" என்றார். எழுதியதோ செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் சிரப், சளி சிரப், ஒரு வைட்டமின். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தானே, வைரலுக்கு எதுக்கு சார் என்று கேட்டேன். "சேஃப்டிக்குத்தான். நீங்க டாக்டரா?" அதோடு பேச்சு முடிந்தது. மருந்தும் அவர்கள் கடையிலேயே வாங்க வேண்டும். பில் கேட்டால் தொகையை மட்டும் துண்டுச் சீட்டில் கிறுக்கித் தந்தார்கள்.

செஃபிக்ஸிம், விற்பனைக்குக் கண்டிப்பான விதிகள் உள்ள ஷெட்யூல் எச்1 என்ற அரசுப் பட்டியலில் உள்ள மருந்து. விற்கும் கடை டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அங்கே என் மகன் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

சிரப் கொடுக்க ஆரம்பித்ததும் பேதி. போன் செய்தால், "நிறுத்தாதீங்க, கூட்டிட்டு வாங்க, வேற மருந்து சேர்த்துத் தரோம்" என்கிறார்கள். மறுபடி ஃபீஸ், மறுபடி மருந்து! அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, எடை பார்த்து பாராசிட்டமால் எழுதி, ஓ.ஆர்.எஸ். கொடுத்தார். வாய்ப்புண்ணுக்குக் குளிர்ந்த மோர் சாதம், இளநீர். ஒரு வாரத்தில் பையன் ஓடியாடத் தொடங்கிவிட்டான்.

சளி சிரப்பைப் பார்த்துதான் அவர் முகம் மாறியது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லியிருக்கிறது. எங்கள் பாட்டில் அந்தக் கலவைதான்.

நிமோனியா, டைஃபாய்டு, சிறுநீர்த் தொற்று என்றால் ஆன்டிபயாடிக் அவசியம், மறுக்கவில்லை. எந்தக் கிருமிக்கு என்று கேட்டால் பதில் வர வேண்டும். மருந்து பெயரோடு பில் வாங்குங்கள். தராவிட்டால் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம், நான் கொடுத்திருக்கிறேன். குழந்தை தூக்கத்தில் திடுக்திடுக்கென்று உதறினாலோ, சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், இந்த நோய் போய்ச் சில வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு நகம் கழன்று விழும். அதற்கும் அந்தக் க்ளினிக்கில் ஒரு கால்சியம் சிரப் விற்றார்களாம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். வாங்காதீர்கள், நகம் தானே முளைத்துவிடும்.