கட்சிப் பதிவு: நடுவில் நிற்பவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவது?

மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்த வாரம் அது. ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்குப் போகும்போது வாக்காளர் பதிவையும் முடித்துவிடுவதாகச் சொன்னாள். நாங்கள் வசிக்கும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் 2023 செப்டம்பர் முதல், உரிமம் எடுக்க வருபவர் தகுதியுள்ளவராக இருந்தால் வாக்காளராகவும் பதிந்துவிடுகிறார்கள். வேண்டாம் என்றால்தான் மறுத்துச் சொல்ல வேண்டும்.

"கட்சி எது என்று கேட்பார்களாம் அப்பா. எதுவும் இல்லை என்று போட்டுவிடுகிறேன். நான் யாருடைய ஆளும் இல்லை" என்றாள்.

குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு நானும் அந்தக் கட்டத்தில்தான் குறியிட்டேன். 2022 வரை அப்படியே இருந்து, பிறகு குடியரசுக் கட்சிக்கு மாற்றிக்கொண்டேன். என் மனைவி முதல் நாளிலிருந்தே ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர். ஆக மூன்று கட்டங்களின் பலனும் எங்கள் வீட்டுக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

நான் எங்கே நிற்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லையில் ஒழுங்கு வேண்டும். சிறுவயதில் பெற்றோரால் அழைத்து வரப்பட்டு இங்கேயே வளர்ந்த பிள்ளைகளை வெளியேற்றக் கூடாது. ஏற்கெனவே உள்ள நோயைக் காரணம் காட்டிக் காப்பீடு மறுப்பதைத் தடுத்த 2010ஆம் ஆண்டுச் சட்டம் நிலைக்க வேண்டும். அரசின் கடனும் கட்டுக்குள் வர வேண்டும். எந்தக் கட்சிக் கூட்டத்தில் இதைப் பேசினாலும் பாதிக்குத்தான் கைதட்டு விழும். 2024இல் காலப் கருத்துக்கணிப்பில் 43 சதவீதம் பேர் தங்களைச் சுயேச்சை என்றே சொன்னார்கள். எங்களைப் போன்றவர்கள் ஏராளம்.

கட்சி சாராமல் பதிவதில் உள்ள சுகம் உண்மையானது. நன்கொடை கேட்டு வரும் குறுஞ்செய்திகள் குறைவு. வாக்காளர் பட்டியலை 20 டாலர் கட்டினால் வாங்கிவிடலாம். அதில் பெயரும் முகவரியும் கட்சியும் இருக்கும். அங்கே கட்சி இல்லை என்று இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம் என்பதைப் பலர் இதன் சிறப்பாகச் சொல்கிறார்கள். அந்த உரிமை மூன்று கட்டங்களுக்கும் பொது. குடியரசுக் கட்சியில் பதிந்த சில மாதங்களில் நான் ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஷாபிரோவுக்கு ஆளுநர் தேர்தலில் வாக்களித்தேன். கேட்பார் யாருமில்லை.

சிறிய கட்சிகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கொள்கைக்காகச் சேர்பவர்களை மதிக்கிறேன். ஆனால் இரு கட்சிகளுக்கும் நடுவில் நிற்பதாகச் சொல்லும் நோ லேபல்ஸ் அமைப்பே 2024 ஏப்ரலில் அதிபர் வேட்பாளரை நிறுத்தும் முயற்சியைக் கைவிட்டதைப் பார்த்த பிறகு, அந்த வழியில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

என்னை மாற்றியது பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல். 2022 மே 17, செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். மடக்கு மேசைக்குப் பின்னால் இருந்த மூதாட்டி பதிவேட்டில் என் பெயரை விரலால் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு நிமிர்ந்து, "இன்று உங்களுக்கு வாக்குச்சீட்டு இல்லை" என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் மேல் தவறில்லை. பென்சில்வேனியாவில் கட்சியில் பதிந்தவர்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்க முடியும். அரசியலமைப்புத் திருத்தம் போன்ற பொதுக் கேள்வி ஏதாவது சீட்டில் இருந்தால் மட்டும் மற்றவர்களுக்கும் இடம் உண்டு. அன்று எங்கள் ஊரில் அப்படி எதுவும் இல்லை.

அன்று என்ன முடிவானது என்று பாருங்கள். குடியரசுக் கட்சியின் செனட் வேட்பாளர் போட்டியில் மெஹ்மத் ஓஸ், டேவிட் மெக்கார்மிக்கை வென்றது 951 வாக்குகளில். பதிவான வாக்குகள் 13 லட்சத்துக்கும் மேல். அதே நாளில் ஆளுநர் வேட்பாளராக டக் மாஸ்ட்ரியானோ பாதிக்கும் குறைவான வாக்குகளோடு தேர்வானார். நவம்பரில் ஏறத்தாழ 15 சதவீதப் புள்ளிகளில் தோற்றார். என்னைப் போல் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் இந்த மாகாணத்தில் 10 லட்சத்துக்கும் அதிகம். அந்த 951ஐ நினைத்துக்கொண்டு நான் அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

நவம்பரில் நம் முன் வைக்கப்படும் இரண்டு பெயர்களைப் பார்த்து, "ஏன் இப்படிப்பட்டவர்களையே நிறுத்துகிறார்கள்?" என்று நொந்துகொள்கிறோம். நிறுத்தியவர்கள் மே மாதம் வந்து வாக்களித்தவர்கள். பதவியில் இருப்பவர் அஞ்சுவதும் அவர்களுக்குத்தான். 2021 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் 10 பேர். நால்வர் மறுபடி போட்டியிடவில்லை. லிஸ் செனி உட்பட நால்வர் பிரைமரியில் தோற்றார்கள். மீண்டும் வென்ற இருவர், வாஷிங்டனின் டான் நியூஹவுஸும் கலிபோர்னியாவின் டேவிட் வலடாவோவும். இரண்டு மாகாணங்களிலும் எல்லா வேட்பாளரும் ஒரே சீட்டில் நின்று, எல்லா வாக்காளரும் வாக்களித்து, முதல் இருவர் நவம்பருக்குப் போகும் முறை இருக்கிறது. அது ஒன்றே அவர்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இருவரும் அங்கிருந்து வந்தவர்கள் என்பதை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

கட்சியில் பதிவது என்றதும் நம்மவர்களுக்கு உறுப்பினர் அட்டையும் கரை வேட்டியும் நினைவுக்கு வருகின்றன. எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. இங்கே சந்தா இல்லை, உறுதிமொழி இல்லை. இணையத்தில் ஒரு படிவம். தேர்தலுக்கு 15 நாட்களுக்கு முன்பு வரை மாற்றிக்கொள்ளலாம். மனசாட்சிக்கு ஒவ்வாத கட்சியில் புகுந்து அதன் பலவீனமான வேட்பாளருக்கு வாக்களிப்பது எனக்கு உடன்பாடில்லை. நான் நல்லவர் என்று நம்பும் ஒருவருக்கே வாக்களிக்கிறேன். 2024 ஏப்ரலில் இங்கே பிரைமரி நடந்தபோது, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து நிக்கி ஹேலி விலகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்கு இந்த மாகாணத்தில் விழுந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஒன்று என்னுடையது.

இரு கட்சிகளில் ஏன் குடியரசுக் கட்சி? எங்கள் வீட்டில் ஜனநாயகக் கட்சிக்கு மனைவி இருக்கிறார் என்பது பாதிக் காரணம். மற்றொன்று, என் மாகாணத்தில் நடுவில் நிற்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இழுபறி இப்போது குடியரசுக் கட்சிக்குள்தான் கடுமையாக நடக்கிறது என்பது என் கணிப்பு. நான் வாக்களித்த பிரைமரிகள் மூன்றே மூன்று. இதை விதியாகச் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. பள்ளி வாரியத் தேர்தலில் நிலைமை வேறு: வேட்பாளர்கள் இரு கட்சிச் சீட்டிலும் பெயர் கொடுக்கலாம். இரண்டிலும் ஒருவரே வென்றுவிட்டால் நவம்பரில் போட்டியே இருக்காது. வீட்டு வரியில் பெரும்பங்கை நிர்ணயிப்பது அந்த வாரியம். அங்கே எந்தக் கட்சியில் பதிந்தாலும் பயன் உண்டு. பதியாமல் இருந்தால்தான் இழப்பு.

டெக்சஸ், வர்ஜீனியா போன்ற இடங்களில் கட்சிப் பதிவே கிடையாது. அங்கிருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. நியூஜெர்சியில் கட்சி சாராதவர் பிரைமரி நாளன்றே வாக்குச்சாவடியில் ஒரு கட்சியைத் தேர்ந்துகொள்ளலாம். நியூயார்க்கில் கட்சி மாற நினைத்தால் பிப்ரவரிக்குள் முடிவெடுக்க வேண்டும்.

மகள் இலையுதிர்காலத்தில் பிலடெல்பியாவுக்குப் படிக்கப் போகிறாள். முகவரியை அங்கே மாற்றினால் என் கணக்கு அவளுக்குப் பொருந்தாது. அந்நகரின் கடைசிக் குடியரசுக் கட்சி மேயர் பதவி விட்டிறங்கியது 1952 ஜனவரியில். 2023 மே மாத ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குகளோடு செரெல் பார்க்கர் வென்றபோதே அடுத்த மேயர் யார் என்பது முடிவாகிவிட்டது. அங்கே இருப்பதானால் அம்மாவின் கட்டத்தில் குறியிடு என்றேன். படிவத்தை இன்னும் அனுப்பவில்லை. கல்லூரி விடுதி எந்த நகரமன்றத் தொகுதியில் வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.