ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா: நுரையீரலுக்கு வெளியே உள்ள காசநோய்க்கு எவ்வளவு நம்பலாம்?

கழுத்தில் நெறி கட்டி மாதக்கணக்கில் கரையாமல் இருப்பவருக்கும், காய்ச்சலும் தலைவலியுமாக நினைவு தடுமாறத் தொடங்கியவருக்கும் சளிப் பரிசோதனை பெரும்பாலும் விடை சொல்வதில்லை. நிணநீர்க் கட்டியிலும் மூளைத் தண்டுவட நீரிலும் காசநோய்க் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். நுண்ணோக்கியில் தென்படவோ மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் செருகி, மாதிரியில் காசநோய்க் கிருமியின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று தேடும் சோதனைப் பெட்டிதான் செபீட் நிறுவனத்தின் அல்ட்ரா கார்ட்ரிட்ஜ். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஏற்றுக்கொண்ட இது, ஆய்வக அளவீட்டில் மில்லிலிட்டருக்கு சுமார் 16 கிருமிகள் இருந்தாலே கண்டுகொள்கிறது. முந்தைய கார்ட்ரிட்ஜ் ஒரே ஒரு மரபணுவைத் தேடியது. அல்ட்ரா அதனுடன், கிருமிக்குள் பல பிரதிகளாக இருக்கக்கூடிய வேறு இரண்டு மரபுத் துண்டுகளையும் தேடுவதே இதற்கு முக்கியக் காரணம்.

மூளை உறைக் காசநோயில் இதன் மதிப்பு மிகப் பெரியது. மாதிரியிலுள்ள கிருமியைத் திரவத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் கிருமி இல்லை என்று சொல்ல 42 நாட்கள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் அந்த நோயாளி தாங்கமாட்டார். அல்ட்ரா ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவைத் தருவதுடன், காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இருக்கிறதா என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. கிருமி மிகச் சொற்பமாக இருக்கும்போது வரும் 'ட்ரேஸ்' முடிவில் மட்டும் அந்த எதிர்ப்பு பற்றிய தகவல் கிடைக்காது. ஆனால் நுரையீரலுக்கு வெளியே எடுத்த மாதிரியில் ட்ரேஸ் வந்தாலும் அதை நோய் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

நுரையீரல் உறையில் கோத்த நீரில் இந்தச் சோதனையை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நீர் பெரும்பாலும் உடலின் எதிர்வினையால் சுரப்பது. கிருமி உறைத் திசுவில் தங்கியிருக்கும். ஆகவே அங்கே 'இல்லை' என்று வரும் முடிவு நோயை விலக்கிவிடாது. அந்த நீரில் ஏடிஏ என்ற நொதியின் அளவும், தேவைப்பட்டால் உறையின் பயாப்சியும்தான் துணைக்கு வரும். மூளைத் தண்டுவட நீரிலும் 'இல்லை' என்ற முடிவை மட்டும் வைத்துச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. முன்பே சிகிச்சை பெற்றவரிடம் செத்த கிருமியின் மரபுப்பொருளையும் இந்தக் கருவி காட்டிவிடும் என்பதாலும், மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பை விரிவாக அறிய வேண்டும் என்பதாலும், வளர்ப்புச் சோதனையைக் கைவிடவே முடியாது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. அறுவை அரங்கில் கட்டியை எடுத்தவுடன் பழக்கத்தின் பேரில் முழுவதையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். திசுவியல் அறிக்கைக்கு அது போதும். ஆனால் அதில் போட்ட திசுவிலிருந்து கிருமியை வளர்க்க முடியாது, மரபணுச் சோதனையின் திறனும் குறைந்துவிடும். ஆகவே கட்டியை எடுப்பதற்கு முன்பே நோயாளியின் வீட்டார் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொரு துண்டு நார்மல் சலைனில், இரண்டாவது அன்றே அல்ட்ராவுக்கும் வளர்ப்புச் சோதனைக்கும் போக வேண்டும்.