ஜியோ ஏர்ஃபைபர்: மாடியில் பெட்டியை மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேபிள் இழுக்காமல், செல்போன் டவரிலிருந்து மாடிப் பெட்டிக்கு வரும் சிக்னல் வழியாக வீட்டுக்கு இன்டர்நெட் தரும் சேவை ஜியோ ஏர்ஃபைபர். 2023 செப்டம்பர் 19 அன்று சென்னை உட்பட 8 நகரங்களில் அது அறிமுகமானது. அப்போதைய விலை 30 எம்பிபிஎஸ்ஸுக்கு 599 ரூபாய், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 899. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் கையிலிருந்து போவது சுமார் 707, 1,061 ரூபாய். ஃபைபர் வராத தெருவுக்கு இது நிஜமாகவே நல்ல சேவை. ஃபைபர் வாசல்வரை வந்திருக்கும் வீட்டுக்கு எங்கள் பரிந்துரை ஃபைபர்தான். காரணம் டவரில் இருக்கிறது.

2022 ஏலத்தில் ஜியோ 88,078 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை எடுத்தது. அந்தப் பணத்தை மொபைல் ரீசார்ஜை மட்டும் நம்பி மீட்பது கஷ்டம். வீடுவீடாக ஃபைபர் இழுக்கவோ சாலை தோண்ட அனுமதி, கம்பத்துக்கு அனுமதி, அப்பார்ட்மென்ட் சங்கத்தின் சம்மதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். டவரில் சும்மா கிடக்கும் அலைக்கற்றையை வீட்டுக்கு விற்றால் ஒரே நாளில் இணைப்பு கொடுத்துவிடலாம். கணக்கு சரிதான், அலைக்கற்றை சும்மா கிடக்கும் வரை.

3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலைவரிசையில் ஒரு செக்டார் (டவர் ஒரு திசையில் சிக்னல் தரும் பகுதி) தோராயமாக 1 ஜிபிபிஎஸ் தருகிறது என்று வையுங்கள். 40 வீடுகள் ஒரே நேரத்தில் தலா 25 எம்பிபிஎஸ் எடுத்தால் அது தீர்ந்துவிடும். மொபைல் வாடிக்கையாளர்களும் அதே செக்டாரில்தான் இருக்கிறார்கள். ஜியோவின் 5ஜி சேவை 4ஜியின் மையக் கட்டமைப்பைச் (கோர்) சாராமல் தனித்து இயங்குவது. அதனால் நெட்வொர்க் ஸ்லைசிங் மூலம் வீட்டு இணைப்புக்கென்று பங்கு ஒதுக்க முடியும். ஆனால் பங்கு பிரிப்பதால் மொத்தக் கொள்ளளவு கூடாது. இரவு 8 முதல் 11 வரை வேகம் இறங்குவது இதனால்தான். பதிவு செய்வதற்கு முன்பு, பக்கத்து வீட்டு இணைப்பில் அந்த நேரத்தில் மூன்று நாள் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். பகல் 11 மணி அளவை நம்ப வேண்டாம்.

மாட்ட வருபவரிடம் முதலில் "இது 5ஜியா, யூபிஆரா?" என்று கேளுங்கள். யூபிஆர் என்பது, சில இடங்களில் 5ஜிக்குப் பதிலாகத் தரப்படும், உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் ரேடியோ. டவர் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். சுற்றியிருக்கும் வைஃபை கருவிகளும் அதே அலைவரிசையில் குறுக்கிடலாம். 5ஜி என்றால் அவர் கருவியில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் வலிமை, dBm கணக்கில்) அளவைக் காட்டச் சொல்லுங்கள்: -90 அல்லது அதைவிட நல்லது (-85, -80 போல) என்றால் தைரியமாக மாட்டலாம், -105க்குக் கீழே (-110 போல) போனால் வேண்டாம். பெட்டியை மாடியில் இரண்டு மூன்று மூலைகளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதிரே தென்னையோ வேம்போ நின்றால் மழையில் நனைந்த இலை சிக்னலைத் தின்றுவிடும்.

கரண்ட் போனால் ரவுட்டருக்கு மட்டும் மினி யூபிஎஸ் வைத்துப் பயனில்லை. மாடிப் பெட்டிக்கு ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் போகிறது. அதன் அடாப்டரும் பேக்கப்பில் இருக்க வேண்டும்.

மாத வரம்பு 1,000 ஜிபி, அதாவது நாளுக்கு 33 ஜிபி. 4கே படம் மணிக்கு 7 ஜிபிவரை எடுக்கும். சுமார் நாலே முக்கால் மணி நேரத்தில் அன்றைய பங்கு காலி.

அறிமுகத்தின்போது ஆண்டுத் திட்டத்துக்கு 1,000 ரூபாய் நிறுவல் கட்டணம் தள்ளுபடி. உங்களிடமும் இதே சலுகையைச் சொன்னால், 1,000 ரூபாய் கொடுத்தே 6 மாதத் திட்டம் எடுங்கள். அதே செக்டாரில் அடுத்த 40 வீடுகள் சேரும்போது வெளியேற வழி இருக்கும்.