லூசிட் கனவும் நாலரை மணி அலாரமும்: நீண்ட நாள் அனுபவம்

"அந்தக் கனவு விஷயத்தை இன்னும் விடலையாடா, நானும் ஆரம்பிக்கலாமா?" என்று நண்பன் கேட்டான். வாட்ஸ்அப்பில் அடித்து மாளாது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். லூசிட் கனவு என்றால், கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்திருப்பது. அதுவும், கண்ட கனவை எழுதி வைக்கிற கனவு டைரி எதற்கு என்பதும் அவனுக்குத் தெரியும். எனக்குப் பேச்சு நேரத்தைப் பற்றி மட்டும்தான்.

படுக்கும்போது "இன்றைக்குக் கனவில் விழித்துக்கொள்வேன்" என்று எத்தனை முறை சொல்லிப் படுத்தாலும் இரவின் முதல் பாதியை ஆழ்ந்த தூக்கம்தான் எடுத்துக்கொள்ளும். கண் வேகமாக அசைகிற, கனவு அதிகம் வருகிற ரெம் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து போகும், ஆனால் முதல் சுற்றில் சில நிமிடங்கள்தான். விடிய விடியத்தான் அது நீளும். 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் லூசிட் கனவு காணத் தெரிந்த ஆலன் வொர்ஸ்லி கனவுக்குள் இருந்தபடியே கண்ணை இடமும் வலமும் அசைத்துச் சைகை காட்ட, ஆய்வாளர் கீத் ஹெர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தாரே, அதுவும் காலை வேளையில்தான்.

ஆகவே பதினொன்றரைக்குப் படு, நாலரைக்கு எழு, அரை மணி முழித்திரு, திரும்பப் படு. எழுந்து படுக்கிற இந்த முறை நிஜமாகவே வேலை செய்கிறது, அதில் சந்தேகமே இல்லை. கனவில் ஒரு சுவரைத் தொட்டால் சுண்ணாம்பு கையில் ஒட்டுகிறது, இது கனவு என்றும் தெரிகிறது, அப்போது வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது.

ஆனால் அந்த அரை மணி! அதுதான் என் எரிச்சல் முழுக்க. பத்து நிமிடத்தில் திரும்பப் படுத்தால் மரக்கட்டை மாதிரி தூங்கிவிடுகிறேன், கனவில் புத்தி வருவதே இல்லை. கொஞ்சம் கூட உட்கார்ந்துவிட்டால், போனை வேறு தொட்டுவிட்டால், தூக்கம் போயே போச்சு. நடுவில் எது சரியான அளவு என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. மார்கழியில் கேட்கவே வேண்டாம், நாம் படுக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் கோயில் ஸ்பீக்கர் ஆரம்பிக்கும். மனைவியும் அலாரத்தில் எழுந்துவிடுகிறாள், அப்புறம் பகல் முழுக்க ரெண்டு பேருக்கும் கடுகடுப்பு. சில நாள் அமுக்குவானும் வந்து உட்காரும். ரெம்மில் உடம்பு அசையாமல் கிடப்பது இயல்பு, அது விலகும் முன்னே முழிப்பு வந்துவிடுகிறது, அவ்வளவுதான் என்று தெரிந்தும் வியர்த்துவிடுகிறது.

தூக்கத்தை அளக்க வாட்ச் மாதிரி கையில் கட்டுகிற பேண்ட் வாங்கலாமா என்றும் நண்பன் கேட்டான். வேண்டாம். அது நாடித்துடிப்பையும் அசைவையும் வைத்து ரெம்மை ஊகிக்கிறது. ஆய்வகத்தில் மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை மூன்றையும் பார்த்துச் சொல்கிற விஷயம் அது. நான் கட்டியிருந்தது, முழித்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த நேரத்தையும் ரெம் என்று கணக்கு எழுதி வைத்திருந்தது.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு போடுவேன். ஆனாலும் ஒன்பது மணி ஆபீஸ் இருக்கிறவன் ஆரம்பிக்காதே. ஞாயிற்றுக்கிழமை எட்டு வரை தூங்க விடுகிற வீடு என்றால் அந்த ஒரு நாள் மட்டும் செய்து பார், அலாரத்தையும் வைக்காதே. அந்தக் கடைசி ரெண்டு மணி நேரத்தில்தான் எனக்கு நல்ல கனவெல்லாம் வந்தது.